எட்டுப் பேர் ஆடிய ஆட்டம்

இங்கிலாந்து சென்று திரும்பியவர்கள் பயணக் கட்டுரை எழுத உட்கார்ந்தால், லண்டன் கோபுரம், தேம்ஸ் நதி, அரண்மனைக் காவலர் மாறும் காட்சி ஆகியவற்றிலேயே தாள் தீர்ந்துவிடுவது வழக்கம். நாங்களும் அவற்றையெல்லாம் கண்டோம்; இரண்டு நாளில் கண்டு முடித்தோம். ஆனால், சென்ற கோடையில் அந்நாட்டில் தங்கியிருந்த ஆறு வாரங்களில் எங்கள் நெஞ்சில் நிலைத்து நின்றது அவற்றுள் ஒன்றும் அன்று. ஹாம்ப்ஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் புல்வெளியில், ஆள் போதாத கிரிக்கெட் அணி ஒன்று ஆடிய சனிக்கிழமை ஆட்டமே நிலைத்து நின்றது. பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து வாழும் நம்மவர்க்கு அந்த ஆட்டத்தில் ஒரு செய்தி இருப்பதாகத் தோன்றியதால், அதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

எங்கள் மகன் ஜாம்ஷெட்பூரில் பிறந்து வளர்ந்தவன். இப்பொழுது போர்ட்ஸ்மவுத் துறைமுக நகரில் கணிப்பொறிப் பணியில் இருக்கிறான். நகரின் நெருக்கடி வேண்டாம் என்று, உள்நாட்டுப் பக்கமாகச் சில மைல் தள்ளி ஒரு சிற்றூரில் வீடு எடுத்துக்கொண்டிருக்கிறான். லண்டனில் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பீட்டர்ஸ்ஃபீல்டு வந்துவிடும். அங்கிருந்து காரில் சென்றோம். சாலையின் இருபுறமும் உயர்ந்த வேலிச் செடிகள். எதிரே ஒரு வண்டி வந்தால் யாரேனும் ஒருவர் பின்வாங்க வேண்டும். பின்வாங்கியவருக்கு மற்றவர் கை உயர்த்தி நன்றி சொல்லாமல் போவதில்லை.

அப்பகுதிக்கு ‘சவுத் டவுன்ஸ்’ என்று பெயர். பெயரைக் கேட்டால் பள்ளத்தாக்கு என்று நினைப்போம். உண்மையில் அவை குன்றுகள். மேலே மெல்லிய புல். ஒரு சாண் தோண்டினால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறைக்குள் கிடைக்கும் தீக்கற்களை அடுக்கியே பழைய வீடுகளுக்கும் கோவில்களுக்கும் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 2010-ஆம் ஆண்டு முதல் இக்குன்றுகள் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன.

வந்து சேர்ந்த மறுநாளே மகன் எங்களை ஹாம்பிள்டன் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றான். ஊரிலிருந்து இரண்டு மைல் தொலைவில், பிராட்ஹாப்பென்னி டவுன் என்னும் மேட்டுப் புல்வெளி இருக்கிறது. கிரிக்கெட்டின் தொட்டில் என்று இதனைச் சொல்வார்கள். ஆட்டம் பிறந்தது இங்கே அன்று. கென்ட், சசெக்ஸ், சர்ரே பகுதிகளில் அதற்கு முன்பே ஆடினார்கள். ஆனால் அது நடை பயின்று பெரியவனானது இம்மேட்டில் என்று சொல்லலாம். புல்வெளியின் ஓரத்தில் 1908-ஆம் ஆண்டு நாட்டிய நினைவுக்கல் நிற்கிறது. எதிரே ‘பேட் அண்டு பால்’ என்னும் பழைய விடுதி. மட்டையும் பந்தும் என்பதே அதன் பெயர்! அவ்விடுதியைச் சில காலம் நடத்திய ரிச்சர்டு நைரன் என்பவரே ஹாம்பிள்டன் அணியின் தலைவராகவும் விளங்கினார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சின்னஞ்சிறு ஊரின் பெயரைத் தாங்கிய கழகத்தை வெல்ல நாடே திணறியது. 1777-இல் செவனோக்ஸ் என்னும் இடத்தில் நடந்த ஆட்டத்தில், இங்கிலாந்து முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த அணியை ஹாம்பிள்டன் ஓர் இன்னிங்ஸும் 168 ரன்களும் வித்தியாசத்தில் முறியடித்தது. ஜேம்ஸ் அய்ல்வர்டு என்பவர் தனியாக 167 ரன் எடுத்தார்.

ஆட்டத்தின் விதிகள் சிலவும் இவர்கள் ஆடிய ஆட்டங்களால் பிறந்தவையே. 1771-இல் எதிரணியைச் சேர்ந்த ஒருவர், விக்கெட்டையே மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையைக் கொண்டு வந்து நின்றார். ஹாம்பிள்டன்காரர்கள் எதிர்ப்பு எழுப்பினார்கள். மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேற்படலாகாது என்று அன்று வகுத்த கணக்கு இன்றும் உலகெங்கும் மாறவில்லை. அந்நாளில் விக்கெட்டுக்கு இரண்டே குச்சிகள். 1775-இல் ஹாம்பிள்டன் அணியின் ஜான் ஸ்மால் என்பவருக்கு வீசிய பந்து மூன்று முறை அவ்விரண்டு குச்சிகளின் இடைவெளியில் புகுந்து போயிற்று. ஆனால் விக்கெட் விழவில்லை. இது நீதியன்று என்று கண்டே நடுவில் மூன்றாம் குச்சியை நட்டார்கள். அந்த ஜான் ஸ்மால், நாங்கள் ரயிலிலிருந்து இறங்கிய அதே பீட்டர்ஸ்ஃபீல்டில் செருப்புத் தைத்தும், பின்பு மட்டையும் பந்தும் செய்தும் வாழ்ந்தவர்.

இத்தனை புகழும் எத்தனை நாள் இருந்தது? 1787-இல் லண்டனில் எம்.சி.சி. என்னும் மேரில்போன் கிரிக்கெட் கழகம் தோன்றிற்று. செல்வர்கள் அங்கே போனார்கள். அவர்களைத் தொடர்ந்து ஆட்டக்காரர்களும் கூலி கிடைக்கும் இடம் நாடிச் சென்றார்கள். ஹாம்பிள்டன் கழகத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேடு 1796-ஆம் ஆண்டு செப்டம்பரோடு முடிகிறது. கடைசிக் கூட்டத்தைப் பற்றி அதில் எழுதியிருப்பது, கனவான்கள் எவரும் வரவில்லை என்பதுதான். இங்கிலாந்து அணியால் வெல்ல முடியாத கழகத்தை வெற்று நாற்காலிகள் வென்றுவிட்டன. இதை மகன் சொல்லக் கேட்டபோது ஒரு சரித்திரச் செய்தியாகக் கேட்டு வைத்தோமே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை. (பிற்காலத்தில் ஊரார் மீண்டும் கழகம் கண்டார்கள், அந்த மேட்டிலும் இன்று ஆட்டம் நடக்கிறது. அதையும் சொல்லிவிடுவது நியாயம்.)

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாத ஆடி மாதம். மகனுடைய கைப்பேசி ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டோம்.

“நாளைக்கு எங்கள் ஊர் இரண்டாம் அணிக்கு ஆள் போதவில்லை அம்மா. எட்டுப் பேர்தான் இருக்கிறோம்” என்றான்.

“உனக்கு என்ன கவலை? நீ ஒருவன் போனால் போதாதா?” என்றோம்.

“பதினொருவர் ஆட வேண்டிய ஆட்டம் அல்லவா?” என்று சிரித்தான்.

ஊர்க் கழகங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அவன் விளக்கினான். ஒவ்வொரு கழகமும் முதல் அணி, இரண்டாம் அணி, வசதியுள்ள இடங்களில் மூன்றாம் அணி என வைத்திருக்கும். லீக் போட்டிகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில். முதல் அணியில் ஒருவருக்குத் திருமணம், ஒருவருக்கு முதுகுவலி என்றால், இரண்டாம் அணியிலிருந்து இருவரை மேலே எடுத்துக்கொள்வார்கள். மேட்டு வயலுக்கு நீர் பாய்ச்சினால் கடைமடை காய்வதுபோல, குறை முழுவதும் கடைசி அணியின் தலையில் வந்து விழும். கடைமடை வயலின் கதை தஞ்சைப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு விளக்க வேண்டிய ஒன்றா?

ஆட வரமுடியாது என்று சொல்லிவிட்டால் எதிரணிக்கு வெற்றியை விட்டுக்கொடுக்க வேண்டும், புள்ளிகளும் போகும். அதைவிட எட்டுப் பேரோடு ஆடித் தோற்பது மேல் என்பது அக்கழகத்தார் எண்ணம்.

ஏன் ஆள் இல்லை? காரணம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். ஜூலை, ஆகஸ்டு விடுமுறை மாதங்கள். குடும்பங்கள் கடற்கரைக்குப் போய்விடும். ஒரு சனிக்கிழமை முழுவதையும் விளையாட்டுக்குக் கொடுக்க இளம் தந்தையர்க்கு இயலவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அழகிய ஊர்களில் வீட்டு விலை விண்ணை முட்டுகிறது. உள்ளூரில் பிறந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போனவர்கள் போனவர்களே; லண்டனில் வேலை, லண்டனில் வாழ்வு. ஆண்டுக்கொரு முறை கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள். கிறிஸ்துமஸில் கிரிக்கெட் ஏது?

மறுநாள் பகல் ஒரு மணிக்கு ஆட்டம். புல்வெளியின் ஒரு பக்கம் ஓக் மரங்கள், ஒரு பக்கம் பழைய தேவாலயத்தின் கோபுரம். மூன்றாவது பக்கத்தில் மரத்தாலான சிறிய ஓய்வு மண்டபம். எங்கள் பக்கத்து எட்டுப் பேரையும் எண்ணினோம். அறுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர், அவருடைய பேரன் பதினான்கு வயதுச் சிறுவன், ஒரு ரொட்டிக் கடைக்காரர், ஒரு கால்நடை மருத்துவர், ஒரு தச்சர், ஒரு பள்ளி ஆசிரியர் (அவரே அணித் தலைவர்), லாகூரிலிருந்து வந்து போர்ட்ஸ்மவுத் மருத்துவமனையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், எங்கள் மகன். மகன் எங்களிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: “அப்பா, வெள்ளைச் சட்டை கொண்டு வந்திருக்கிறீர்களா?”

எங்களில் ஒருவர் களத்தில் இறங்கியது இப்படித்தான். லீக்கில் பதிவு பெறாதவர் மட்டை பிடிக்கவோ பந்து வீசவோ இயலாது. ஆனால் எல்லையோரம் நின்று பந்தைத் தடுத்துத் தருவதற்கு எதிரணித் தலைவர் மனமுவந்து இசைந்தார். அது மட்டும் அன்று. மட்டை பிடிக்கக் காத்திருந்த தம்முடைய பையன்களில் ஒருவனையும் கடனாகத் தந்தார். எட்டோடு இரண்டு, பத்து. பந்து வீசுபவரையும் விக்கெட் காப்பவரையும் கழித்தால், முழு அணிக்கு ஒன்பது பேர் காவல் நிற்பார்கள்; எங்களுக்கு எட்டுப் பேர் நின்றார்கள். கடன் வாங்கிய பையன் தன் அணித் தலைவரே அடித்த பந்தை ஓடிப்போய்ப் பிடித்து அவரை வெளியேற்றினான்! மைதானம் முழுவதும் கைதட்டியது. மிக ஓங்கித் தட்டியவர் வெளியேறிய தலைவரே.

பேரனை விக்கெட்டுக்கு அருகில் நிறுத்தவில்லை. பதினைந்து வயதுக்குட்பட்டோர் பிரிவினரை மட்டையாளருக்கு எட்டு கஜத்துக்குள் நிறுத்தக் கூடாது என்று பாதுகாப்பு விதி இருக்கிறது. ஆள் குறைந்தாலும் அதில் விட்டுக்கொடுப்பதில்லை. எங்களவரைப் பற்றிச் சொல்வதானால், மூன்று பந்துகளைக் கையாலும் ஒன்றைக் கணுக்காலாலும் தடுத்தார். இரண்டைத் தடுக்காமல் மரியாதையோடு வழியனுப்பி வைத்தார்.

எங்களில் மற்றவருக்கும் வேலை கிடைத்தது. ரன் கணக்கு எழுதும் மூதாட்டியின் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளியோ எண்ணோ இடக் கற்றுக்கொண்டார். இடைவேளையில் தேநீர் மேசைக்கும் ஆள் வேண்டியிருந்தது. 2020-இல் பரவிய கொள்ளை நோய்க்குப் பின் பல லீக்குகளில் இந்தத் தேநீர் விருந்து கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது, இக்கழகத்தார் விடவில்லை. வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி, மென்மையான கேக், அவற்றின் நடுவே நாங்கள் காலையில் சுட்டு எடுத்துச் சென்ற நாற்பது மெதுவடை. முதலில் தீர்ந்தது எது என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எதிரணி நாற்பது ஓவரில் ஆறு விக்கெட்டுக்கு 187 ரன் எடுத்தது. எங்கள் பக்கம் ஆடியபோது இருவர் மட்டை பிடிக்க, இருவர் நடுவராக நிற்க, மண்டபத்தில் நால்வரே எஞ்சினார்கள். பெரியவர் நிதானமாக நின்று ஆடினார். மகன் ஐந்தாவதாக இறங்கினான். ஸ்கோர் 149-ஐ எட்டியபோது ஏழாவது விக்கெட் விழுந்தது. இன்னும் ஐந்து ஓவர் கைவசம்; வேண்டியது 39 ரன். மகன் 31 ரன்னுடன் ஆட்டம் இழக்காமல் நிற்கிறான். ஆனால் மறுமுனைக்கு வர ஆள் இல்லை. எட்டுப் பேர் அணியில் ஏழு பேர் போனால் ஆட்டம் முடிந்தது. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் தனியாக நடந்து வந்தான்.

கணக்கேட்டை அப்பொழுது பார்த்தோம். பதினொரு வரிகள் அச்சிட்ட பக்கம். எட்டு வரிகளில் பெயர்கள். கீழே மூன்று வரிகள் வெறுமையாக இருந்தன. மூதாட்டி அவற்றின் மேல் அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் ஹாம்பிள்டன் குறிப்பேட்டின் கடைசி வரி எங்களுக்கு நினைவு வந்தது.

ஆட்டம் முடிந்த பின், அணித் தலைவர் எங்களிடம் தம் கவலையைச் சொன்னார். குளிர்காலப் பொதுக்கூட்டத்தில், அடுத்த ஆண்டு இரண்டாம் அணியை வைத்திருக்க முடியுமா என்று முடிவு செய்ய வேண்டுமாம். அந்த அணி நின்றுபோனால் பெரியவருக்கும் பேரனுக்கும் ஆட இடமில்லை. பேரன் வேறு ஊருக்குப் போவான். ஐந்து ஆண்டில் முதல் அணிக்கும் ஆள் வற்றும். வடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே அவர் இதைச் சொன்னார். குரலில் புலம்பல் இல்லை, கணக்குத்தான் இருந்தது.

அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கும்பகோணத்துக்கு அருகில் நாங்கள் இருவரும் பிறந்த ஊரிலும் ஓர் அணி இருந்தது. அறுவடை முடிந்த வயலில் வரப்பே எல்லைக்கோடு. தென்னை மட்டையே பந்தடிக்கும் மட்டை. ஆள் குறைந்தால் இரண்டு பக்கமும் ஆடுவதற்கு ‘காமன்’ என்று ஒருவனை வைத்துக்கொள்வோம். அந்தப் பதினொருவரில் ஒருவர் திருப்பூர் போனார், இருவர் சிங்கப்பூர், மூவர் வளைகுடா, ஒருவர் சென்னை. 1986-இல் நாங்கள் ஜாம்ஷெட்பூருக்கு ரயில் ஏறினோம். அன்று நாங்கள் எண்ணியது, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டுமே. ஊரின் ஏட்டில் ஒரு வரி வெறுமையாகும் என்பது எண்ணத்தில் எழவில்லை. இரண்டு பொங்கலுக்கு முன் ஊரிலிருந்து மருமகன் பேசியபோது, சடுகுடுப் போட்டிக்கு ஏழு பேர் சேராததால் உறியடியோடு நிறுத்திக்கொண்டோம் என்றான். “அப்படியா” என்று கேட்டுவிட்டு, வேறு செய்தி பேசினோம்.

நாங்கள் தமிழ்நாட்டில் ஓர் இடத்தைக் காலி செய்து ஜாம்ஷெட்பூரை நிரப்பினோம். எங்கள் மகன் ஜாம்ஷெட்பூரைக் காலி செய்து ஹாம்ப்ஷயரில், லண்டன் போன எவனோ ஒருவனின் இடத்தை நிரப்புகிறான். போகாதீர்கள் என்று யாரையும் தடுக்க முடியாது. தடுக்க எங்களுக்குத் தகுதியும் இல்லை. பிழைப்பு அழைக்கும் இடத்துக்கு மக்கள் போவார்கள். ஆனால் போன இடத்தில் வேடிக்கை பார்ப்பவராக நிற்கிறோமா, குறைந்த வரியில் நம் பெயரை எழுதிக்கொள்கிறோமா என்பது நம் கையில் இருக்கிறது. விட்டு வந்த இடத்தை ஆண்டுக்கு ஒரு வாரமாவது நிரப்ப முடியுமா என்பதும் நம் கையில் இருக்கிறது. மகன் அந்த ஊரில் வெறும் வாடகைக் குடியாக இல்லாமல் ஊராராக ஆனது, ஆள் இல்லாத ஒரு சனிக்கிழமையில் ‘நான் வருகிறேன்’ என்று சொன்னதால்தான். அடுத்த வீட்டார் அவன் பெயரைச் சரியாக உச்சரிக்கிறார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

திரும்பி வந்து மூன்று மாதம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்தில் பிள்ளைகளுக்கு நடக்கும் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுக்க ஆள் குறைவு என்று இவ்விதழில் பலமுறை அறிவிப்பு வந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். எங்களுக்கும் நினைவிருந்தது, வேறு யாராவது போவார்கள் என்று இருந்தோம். இப்பொழுது இருவரும் போகிறோம். எங்களில் ஒருவருக்கு இலக்கணம் அவ்வளவாக வராது. எல்லையோரம் நின்று, பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தருகிறார். வருகிற பொங்கலுக்கு ஊருக்குப் பயணச்சீட்டும் எடுத்தாகிவிட்டது. சடுகுடு ஆடும் வயதன்று. கோடு போடவும் நடுவராக நிற்கவும் ஆள் வேண்டும் அல்லவா?

இன்னொன்று. புறப்படும் நாளில் அந்த அணித் தலைவர் எங்கள் எண்ணையும் தம் செய்திப் பட்டியலில் சேர்த்துவிட்டார். பிறகு எடுக்க மறந்துவிட்டார் போலும். செப்டம்பரில் ஆட்டப் பருவம் முடியும் வரை, வெள்ளிக்கிழமைதோறும் நள்ளிரவில் ஜாம்ஷெட்பூரில் எங்கள் கைப்பேசி கூவியது: நாளைக்கு ஒன்பது பேர் இருக்கிறோம், இன்னும் இருவர் வேண்டும். கடைசி வாரச் செய்தியில் மட்டும் எண் வேறாக இருந்தது. பதினொருவர் என்று இருந்தது. எழுந்து உட்கார்ந்து இருமுறை படித்தோம்.